சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயில் புரத மார்க்கர்கள்: ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விகள்

பயாப்ஸி ரிப்போர்ட்டின் அடிப்பகுதியில் பி53, கேஐ-67, பிடி-எல்1 என்று நாலைந்து வரி, பக்கத்தில் ஒரு சதவீதம். அதைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்க இணையத்தில் தேடி, காலையில் இன்னும் குழம்பிப்போய் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்தான் கீழே இருப்பவை. சிகிச்சையை முடிவு செய்ய இதைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கு உங்கள் டாக்டர் இருக்கிறார். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவினால் போதும்.

சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் என்று எதைச் சொல்கிறீர்கள்? சிறுநீரகப் புற்றுநோயும் இதில் வருமா?

வராது. சிறுநீரகத்தின் சதைப்பகுதியில் வரும் புற்றுநோய் வேறு குடும்பம், அதன் மருந்துகளும் வேறு. இங்கே பேசுவது சிறுநீர் ஓடும் பாதையின் உள்பூச்சில், அதாவது சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் கிண்ணம், அங்கிருந்து இறங்கும் குழாய், சிறுநீர்ப்பை, வெளியேறும் வழியின் தொடக்கம், இந்த இடங்களை உள்ளே மூடியிருக்கும் யூரோதீலியம் என்ற படலத்தில் வரும் புற்றுநோயை. இதில் 90 சதவீதத்துக்கு மேல் சிறுநீர்ப்பையில்தான் வருகிறது. மேல்பாதையில் வருவது 5 முதல் 10 சதவீதம்.

சிறுநீர்ப்பையில் கண்டுபிடிக்கப்படும்போது முக்கால்வாசிப் பேருக்குக் கட்டி தசைக்குள் இறங்கியிருக்காது. உயிருக்கு ஆபத்து குறைவு, ஆனால் திரும்பத் திரும்ப வரும் சுபாவம் உண்டு. மீதிக் கால்வாசி தசைக்குள் இறங்கியது, அது வேறு மாதிரியான சண்டை. விளைவைக் கணிப்பது என்று யாராவது சொன்னால், இந்த இரண்டில் எதற்கு, எந்த விளைவை, என்று முதலில் கேட்டுவிடுங்கள். கட்டி திரும்ப வருமா, ஆழமாக இறங்குமா, ஆள் எவ்வளவு காலம் இருப்பார், இன்ன மருந்து வேலை செய்யுமா, இவை நாலும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்குப் பதில் சொல்லும் மார்க்கர் இன்னொன்றுக்கு வாயே திறக்காது.

மார்க்கர் என்றால் என்ன? ஏன் புரதத்தைப் பார்க்கிறார்கள்?

அளக்கக்கூடிய ஒரு அடையாளம், அவ்வளவுதான். மரபணு என்பது எழுதி வைத்த குறிப்பு, அதைப் படித்துச் செல் உண்மையிலேயே செய்து வைக்கும் பொருள் புரதம். குறிப்பு இருந்தும் பொருள் இல்லாமல் போகலாம், அளவுக்கு மீறியும் குவியலாம். மருந்துகள் போய் ஒட்டுவதும் பெரும்பாலும் புரதத்தின் மேல்தான். அப்புறம் நடைமுறைக் காரணம் ஒன்று: வெட்டியெடுத்த திசுவை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கி, குறிப்பிட்ட புரதத்தின் மேல் மட்டும் ஒட்டுகிற ஆன்டிபாடியை ஊற்றிப் பழுப்பு நிறம் வரவழைக்கும் முறை (ரிப்போர்ட்டில் ஐஎச்சி என்று போட்டிருப்பார்கள்) ஓரளவு வசதியுள்ள எந்த நோயியல் கூடத்திலும் செய்யக்கூடியது.

டாக்டர் ஒன்றை 'ப்ரோக்னாஸ்டிக்' என்றார், இன்னொன்றை 'ப்ரெடிக்டிவ்' என்றார். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகை, எந்தச் சிகிச்சை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இந்த நோய் பொதுவாக எப்படிப் போகும் என்று சொல்வது. இரண்டாவது வகை, இந்தக் குறிப்பிட்ட மருந்து இந்த ஆளுக்கு மற்ற மருந்தைவிட அதிகம் உதவுமா என்று சொல்வது.

ஒரு புரதம் அதிகமாக இருப்பவர்கள் புது மருந்தில் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று செய்தி வருகிறது. ஆகா என்று நினைக்கிறோம். அதே ஆட்கள் பழைய மருந்திலும் அதே அளவு நீண்ட நாள் வாழ்ந்திருந்தால்? அப்போது அது மருந்தின் பெருமை இல்லை, நோயின் இயல்பு. ஒப்பிட இன்னொரு குழு இல்லாத ஆய்வில் இது தெரியவே தெரியாது. மூன்றாவதாக, நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் மார்க்கரும் தனி. என்எம்பி22 போன்ற சிறுநீர் டெஸ்ட்டுகள் முக்கியமாக அந்த வேலைக்கு வந்தவை.

அப்பாவின் ரிப்போர்ட்டில் பி53 பாசிட்டிவ் என்று இருக்கிறது. நோய் மோசம் என்று அர்த்தமா?

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இதன் கதை கொஞ்சம் நீளம், ஆனால் மார்க்கர் உலகத்தையே புரிந்துகொள்ள இந்த ஒரு கதை போதும் என்பதால் சொல்கிறேன்.

பி53 செல்லுக்குள் இருக்கும் காவல்காரப் புரதம். மரபுப்பொருளில் சேதம் வந்தால் செல் பெருகுவதை நிறுத்திவைக்கும், சரிசெய்ய முடியாவிட்டால் செல்லையே சாகவைக்கும். நல்ல நிலையில் இது சீக்கிரம் சிதைந்துவிடும், அதனால் சாயம் போட்டால் அங்கங்கே லேசாகத்தான் தெரியும். மரபணு கெட்டுப்போனால் உருமாறிய புரதம் சிதையாமல் செல்லின் உட்கருவில் குவிகிறது, சாயம் அடர்த்தியாகப் பிடிக்கிறது. அதைத்தான் பாசிட்டிவ் என்கிறார்கள். ஆனால் சில வகை மரபணுக் கோளாறில் புரதம் உருவாவதே இல்லை, கண்ணாடித்தகடு துடைத்துவிட்டது போல வெறுமையாக இருக்கும். அதுவும் கோளாறுதான்! ஆக, நெகட்டிவ் என்று எழுதியிருப்பதாலேயே எல்லாம் சரி என்றும் ஆகாது. நல்ல நோயியல் நிபுணர் சதவீதத்தோடு நிற்காமல் சாயம் பிடித்திருக்கும் விதத்தையும் எழுதுவார்.

1994இல் சிறுநீர்ப்பை அகற்றப்பட்ட 243 பேரின் திசுக்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. உட்கருவில் பி53 குவிந்திருந்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம், இறப்பும் அதிகம் என்று அது காட்டியது. அப்புறம் பல வருடங்களுக்கு எங்கே பார்த்தாலும் பி53 பேச்சுதான். சரி, அப்படியானால் ஆபரேஷனுக்குப் பிறகு பி53 பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மட்டும் கீமோ கொடுத்துப் பார்க்கலாமே என்று முறையான சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். கட்டி சிறுநீர்ப்பையைத் தாண்டாத, நிணநீர் முடிச்சுக்குப் பரவாத நோயாளிகள். 499 பேரின் திசுவைப் பார்த்ததில் 272 பேர் பாசிட்டிவ். அவர்களில் குலுக்கல் முறையில் கீமோவுக்கோ வெறும் கண்காணிப்புக்கோ ஒதுக்கப்பட ஒத்துக்கொண்டவர்கள் 114 பேர்தான். 2011இல் முடிவு வெளியானது. கீமோவால் பலன் தெரியவில்லை, அது போகட்டும். பி53 பாசிட்டிவ் ஆனவர்களுக்கும் நெகட்டிவ் ஆனவர்களுக்கும் இடையே நோய் திரும்புவதிலேயே வித்தியாசம் இல்லை. 5 வருடத்தில் திரும்பியது மொத்தத்தில் சுமார் 20 சதவீதம் பேருக்கு, எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

சேர்ந்தவர்கள் குறைவு என்பதால் அந்தச் சோதனை கடைசி வார்த்தை இல்லை என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. இருந்தாலும், பழைய திசுக்களை எடுத்து வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்த ஆய்வுகளில் மின்னிய ஒரு மார்க்கர், முன்னோக்கிய சோதனையில் இப்படி மங்கிப்போனதை நான் மறப்பதில்லை. இன்று பி53 சாயம் போடுவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். படலத்தோடு படலமாகத் தட்டையாகப் பரவும் சிஐஎஸ் என்ற வகையை வெறும் அழற்சியிலிருந்து பிரித்துப் பார்க்க அது உதவுகிறது. உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டிலும் அதற்காகவே போட்டிருக்கலாம், கேட்டுப்பாருங்கள்.

கேஐ-67 40 சதவீதம் என்று இருக்கிறது. அதிகமா?

பெருகிக்கொண்டிருக்கும் செல்களில் மட்டும் தெரியும் புரதம் இது. (பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ஜெர்மனியின் கீல் நகரத்தில் 1983இல் கண்டுபிடித்தது, சோதனைத் தட்டில் அந்த நகலின் எண் 67, அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.) 40 சதவீதம் என்றால் எண்ணிய புற்றுசெல்களில் நூற்றுக்கு 40 பெருக்க ஓட்டத்தில் இருக்கின்றன. உயர் கிரேடு கட்டியில் (கிரேடு என்பது நுண்ணோக்கியில் செல்கள் எவ்வளவு உருமாறித் தெரிகின்றன என்பதன் அளவு) இந்த எண் அதிகமாக இருப்பது சாதாரணம், கிரேடு ஏற்கனவே சொன்னதை இது இன்னொரு முறை சொல்கிறது. தாழ்ந்த கிரேடு என்று எழுதியிருந்து இது மட்டும் எகிறியிருந்தால்தான் திரும்பிப் பார்க்க வேண்டிய விஷயம். எத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் 'அதிகம்' என்பதில் ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுகிறது, சிலர் 20 என்கிறார்கள், சிலர் வேறு எண்.

இந்த மார்க்கர்கள் இல்லாமல் டாக்டர் எதை வைத்துக் கணிக்கிறார்?

பழைய விஷயங்களை வைத்துத்தான், அவற்றைக் குறைவாக நினைக்காதீர்கள். தசைக்குள் இறங்காத நோய்க்கு 2006இல் ஐரோப்பிய ஆராய்ச்சி அமைப்பான இஓஆர்டிசி ஒரு அட்டவணை வெளியிட்டது. எத்தனை கட்டி, என்ன அளவு, முன்பு எத்தனை முறை திரும்ப வந்தது, எவ்வளவு ஆழம், கூடவே சிஐஎஸ் இருக்கிறதா, கிரேடு என்ன என்று ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினால் போதும். கூட்டுத்தொகை குறைந்தவர்களுக்கு 5 வருடத்தில் நோய் முற்றும் வாய்ப்பு 0.8 சதவீதம், அதிகமானவர்களுக்கு 45 சதவீதம். ஒரு புரதத்தையும் அளக்காமல் இவ்வளவு தூரம் பிரித்துவிடுகிறது. புதிதாக வரும் எந்த மார்க்கரும் இதைத் தாண்டி என்ன கூட்டிச் சொல்கிறது என்று காட்டியாக வேண்டும். பெரும்பாலானவை இடறி விழுவது இங்கேதான்.

மேல்பாதைக் கட்டிகளில் நிலைமை வேறு. அந்த மெல்லிய குழாய்க்குள் கருவியை விட்டு எடுக்கும் துணுக்கு கடுகளவு, ஆழம் எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்வது கஷ்டம், கண்டுபிடிக்கும்போதே பாதிக்கு மேற்பட்டவை ஊடுருவியிருக்கும். சிறுநீரகத்தையே எடுக்க வேண்டுமா, கட்டியை மட்டும் எரித்தால் போதுமா என்ற முடிவு அந்தத் துணுக்கை நம்பி இருக்கிறது. என்னைக் கேட்டால், நல்ல மார்க்கருக்கான தேவை மிக அதிகமாக இருப்பது இந்த இடத்தில்தான்.

ஒவ்வொரு மூன்று மாதமும் கேமரா விட்டுப் பார்ப்பது சித்திரவதையாக இருக்கிறது. சிறுநீர் டெஸ்ட் போதாதா?

இந்த ஆசை எல்லோருக்கும் உண்டு, டாக்டர்களுக்கும்தான். 1996லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு என்எம்பி22 என்ற டெஸ்ட்டுக்கு அனுமதி கொடுத்தது. உட்கருவின் சட்டகப் புரதம் ஒன்று, செல்கள் சாகும்போது சிறுநீரில் கலப்பது. சிக்கல் என்னவென்றால் தொற்று, கல், அண்மையில் கருவி விட்டது, இவை எல்லாவற்றிலும் செல்கள் செத்து உதிரும், டெஸ்ட் பாசிட்டிவ் காட்டும். பிடிஏ என்று இன்னொன்று, நிரப்புக்காரணி எச் என்ற புரதத்தோடு தொடர்புடையதைத் தேடுவது. காரணி எச் சாதாரண இரத்தத்திலேயே இருக்கிறது. சிறுநீரில் இரத்தம் போவதுதான் இந்த நோயின் முதல் அறிகுறி என்னும்போது, இரத்தம் கலந்தாலே தடுமாறும் டெஸ்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சிறுநீரில் உதிரும் செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய சைட்டாலஜி முறை உயர் கிரேடு கட்டிகளை நன்றாகப் பிடிக்கும், தாழ்ந்த கிரேடில் கோட்டை விடும். மொத்தத்தில், இப்போதைக்கு எந்தச் சிறுநீர் டெஸ்ட்டும் கேமராவின் இடத்தைப் பிடிக்கவில்லை. ஆபத்து குறைந்த பிரிவு என்றால் கேமரா பார்க்கும் இடைவெளியைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அதற்கு வழி உண்டு.

ஒன்று மட்டும் சுவாரசியம். சில பேருக்குச் சிறுநீர் டெஸ்ட் பாசிட்டிவ், கேமராவில் ஒன்றும் இல்லை, சில மாதம் கழித்துக் கட்டி தெரிகிறது. தவறான பாசிட்டிவ் என்று ஒதுக்கியது முன்னறிவிப்பாக இருந்திருக்கிறது. எல்லாத் தவறான பாசிட்டிவும் அப்படி இல்லை என்பதால்தான் யாரும் அதை நம்பி மருந்து கொடுப்பதில்லை.

இரத்தத்தில் பார்க்கும் புரதங்கள் ஏதாவது உண்டா?

புதிதாக எதையும் தேட வேண்டாம், எல்லா ஆஸ்பத்திரியிலும் அளக்கும் சிஆர்பியும் (அழற்சி வந்தால் ஏறும் புரதம்) அல்புமினும் (இரத்தத்தின் முக்கியப் புரதம்) இருக்கின்றனவே! சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஒரு புள்ளி, அதோடு அல்புமின் 35 கிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் இரண்டு புள்ளி. கிளாஸ்கோ ஸ்கோரின் திருத்திய வடிவம் இது, பல புற்றுநோய்களில் புள்ளி ஏற ஏற ஆயுள் குறைகிறது, இதிலும் அப்படித்தான். உடம்பு முழுக்க அழற்சி ஓடுகிறது, உடல் கரைகிறது என்பதன் அடையாளம். ஆனால் சிறுநீர்ப்பாதை நோயாளிகளுக்குத் தொற்று அடிக்கடி வரும், குழாய் போட்டிருந்தால் இன்னும் அதிகம். காய்ச்சல் இருக்கும் நாளில் எடுத்த சிஆர்பியை வைத்து யாரும் ஆயுளைக் கணக்குப் போட வேண்டாம்.

இன்டர்லூகின்-8 என்ற அழற்சிப் புரதம் இரத்தத்தில் அதிகமாக இருந்தவர்களுக்கு அடெசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து (உடம்பின் எதிர்ப்புச் செல்களைக் கட்டியின் மேல் ஏவிவிடும் வகை) சரியாக வேலை செய்யவில்லை என்று 2020இல் ஆய்வு வந்தது. அடிப்படையில் நல்ல துப்பு. வழக்கமான டெஸ்ட்டாக இன்னும் மாறவில்லை.

பிடி-எல்1 நெகட்டிவ். இம்யூனோதெரபி வேலை செய்யாது என்கிறார்களே?

அப்படிச் சொல்ல முடியாது. பிடி-எல்1 என்பது புற்றுசெல் தன் மேல் போட்டுக்கொள்ளும் ஒரு முகமூடி, எதிர்ப்புச் செல்கள் அதைப் பார்த்து நம்ம ஆள்தான் என்று விட்டுவிடும். மருந்து முகமூடியைச் செயலிழக்க வைக்கிறது. முகமூடி அதிகம் இருந்தால் மருந்தும் அதிகம் வேலை செய்யும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் உடம்பு அவ்வளவு நேர்க்கோட்டில் நடப்பதில்லை.

2018இல் வெளியான ஐஎம்விகர்211 சோதனையில் பிடி-எல்1 அதிகம் இருந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தார்கள். அடெசோலிசுமாப் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 11.1 மாதம், கீமோ எடுத்தவர்களுக்கு 10.6 மாதம். சோதனையில் சேர்ந்த எல்லோரையும் எடுத்துக்கொண்டால் அடெசோலிசுமாப்பில் 8.6 மாதம், கீமோவில் 8.0. அதாவது பிடி-எல்1 அதிகம் இருந்தவர்கள் எந்த மருந்திலும் கொஞ்சம் கூடுதலாக வாழ்ந்தார்கள். மேலே சொன்ன முதல் வகை மார்க்கர் இரண்டாவது வகை போல வேஷம் போடுவது இப்படித்தான். சரி, அப்படியானால் பிடி-எல்1 அதிகம் என்றால் நல்லது என்று எழுதிக்கொள்ளலாமா? அதற்கு முந்தைய வருடம் பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கு நடந்த கீநோட்-045 சோதனையில் நேர் தலைகீழ். எல்லோருக்கும் சேர்த்து 10.3 மாதமும் கீமோவில் 7.4 மாதமும் இருக்க, பிடி-எல்1 அதிகம் இருந்தவர்களுக்கு 8.0 மாதமும் 5.2 மாதமும்தான். மருந்து இரண்டு பிரிவிலும் கீமோவை வென்றது, ஆனால் மார்க்கர் இந்த முறை கெட்ட சகுனம்!

ஒரே புரதம் எப்படி இரண்டு முகம் காட்டுகிறது? ஒரு காரணம், இரண்டு சோதனையிலும் அளந்தது ஒன்றையே இல்லை. எஸ்பி142 என்ற ஆன்டிபாடி முறையில் கட்டிக்குள் நுழைந்த எதிர்ப்புச் செல்களில் மட்டும் எண்ணுகிறார்கள், 5 சதவீதம் எல்லை. 22சி3 முறையில் புற்றுசெல், எதிர்ப்புச் செல் இரண்டையும் கூட்டி மதிப்பெண் போடுகிறார்கள், 10 எல்லை. எதிர்ப்புச் செல்கள் கட்டிக்குள் நுழைந்திருப்பது நல்ல செய்தி, புற்றுசெல் தானே முகமூடி போட்டிருப்பது வேறு செய்தி, இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் குழப்பம் வரத்தானே செய்யும். ரிப்போர்ட்டில் எந்த ஆன்டிபாடி, எந்த மதிப்பெண் முறை என்று எழுதாமல் வெறும் 'பாசிட்டிவ்' என்று இருந்தால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கே ஒரு முடிவு இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து கொடுக்க அமெரிக்காவில் 2021இல் பிடி-எல்1 எவ்வளவு என்று பார்க்காமலே அனுமதித்தார்கள், ஐரோப்பாவில் அடுத்த வருடம் புற்றுசெல்களில் 1 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். ஒரே மருந்து, ஒரே சோதனையின் தரவு.

ஹெர்2, நெக்டின்-4 என்றும் போட்டிருக்கிறது. அவை என்ன?

இவை மருந்து போய் ஒட்டும் கொக்கிகள். ஹெர்2 முன்னால் மார்பகப் புற்றுநோயில் பிரபலமானது. சாயம் மிக அடர்த்தியாக, 3+ என்று வந்தால், வேறு வழிகள் தீர்ந்த எந்த உறுப்பின் திடக்கட்டிக்கும் ட்ராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் கொடுக்கலாம் என்று 2024 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதித்தது. டெஸ்ட் முடிவு நேரடியாகச் சிகிச்சையை மாற்றும் இடம் இது, அதனால் கேட்கத் தகுந்தது.

நெக்டின்-4 கதை தலைகீழ். என்ஃபோர்டுமாப் வெடோட்டின் மருந்து இந்தப் புரதத்தைப் பிடித்துத்தான் செல்லுக்குள் விஷத்தை இறக்குகிறது, ஆனாலும் அதைக் கொடுக்க நெக்டின்-4 டெஸ்ட் தேவையில்லை, ஏனென்றால் யூரோதீலியக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. எல்லோரிடமும் இருப்பதை வைத்து ஆளைப் பிரிக்க முடியாதே. இந்த மருந்தோடு பெம்ப்ரோலிசுமாப் சேர்த்துக் கொடுத்த சோதனையில் இடைநிலை ஆயுள் 31.5 மாதம், கீமோவில் 16.1. நெக்டின்-4 அதிகமோ குறைவோ, பிடி-எல்1 அதிகமோ குறைவோ, பலன் இருந்தது. எந்த மார்க்கரையும் கேட்காமல் வேலை செய்த மருந்து எல்லா மார்க்கர் ஆராய்ச்சியையும் ஓரம் கட்டியது ஒரு வேடிக்கைதான். பரவிய இடத்துக் கட்டிகளில் செல்லின் மேற்பரப்பில் நெக்டின்-4 குறைந்துபோவதாகத் தகவல்கள் வந்திருக்கின்றன, ஆகவே பழைய பயாப்ஸியில் பார்த்தது இன்றைய கட்டிக்குப் பொருந்தாமல் போகலாம்.

அம்மாவுக்குச் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் கட்டி. எம்எல்எச்1, எம்எஸ்எச்2 டெஸ்ட் சொல்லியிருக்கிறார்கள். தேவையா?

தேவை, செய்துவிடுங்கள். இந்தப் பட்டியலில் நான் யோசிக்காமல் சரி என்று சொல்லும் டெஸ்ட் இது. எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 நான்கும் மரபுப்பொருளை நகலெடுக்கும்போது வரும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் புரதங்கள். மற்ற மார்க்கர்களில் சாயம் பிடித்தால் கவலை, இதில் சாயம் பிடிக்காவிட்டால்தான் கவலை. காணாமல் போயிருந்தால் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு இருக்க வாய்ப்பு உண்டு, அந்தக் குடும்பங்களில் பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்களுக்கு அடுத்தபடியாக வருவதில் மேல் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் ஒன்று. அம்மாவின் மருந்துத் தேர்வு ஒரு பக்கம், அவருடைய பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்களும் மரபணு ஆலோசனைக்குப் போய்க் குடல் பரிசோதனையை முன்கூட்டியே தொடங்க வேண்டுமா என்பது இன்னொரு பக்கம். 60 வயதுக்குள் வந்தாலோ குடும்பத்தில் இந்த நோய்கள் இருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

ஜிஏடிஏ3, சிகே5/6 என்று எழுதியிருப்பது?

கட்டி எந்தப் படலத்திலிருந்து வந்தது என்று உறுதிப்படுத்த. ஜிஏடிஏ3 பாசிட்டிவ் என்றால் யூரோதீலியம் என்று எடுத்துக்கொள்ள உதவும், லூமினல் (படலத்தின் மேலடுக்குச் செல்களைப் போன்றது) என்ற உட்பிரிவோடும் ஒத்துப்போகும். சிகே5/6 அதிகம் என்றால் பேசல் (அடியடுக்குச் செல்களைப் போன்ற) பிரிவை நோக்கிப் போகிறது. 2020இல் ஆராய்ச்சியாளர்கள் கூடித் தசைக்குள் இறங்கிய நோயை ஆறு உட்பிரிவாக ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவை வைத்து அன்றாடச் சிகிச்சை இன்னும் மாறுவதில்லை.

பிசிஜி மருந்து எனக்கு வேலை செய்யுமா என்று முன்கூட்டியே சொல்லும் டெஸ்ட் இருக்கிறதா?

வழக்கத்தில் இல்லை. காசநோய்த் தடுப்பூசிக் கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் இந்தச் சிகிச்சை 1976இலிருந்து இருக்கிறது. மருந்து போட்ட பிறகு சிறுநீரில் இன்டர்லூகின்-2, இன்டர்லூகின்-8 போன்ற புரதங்கள் ஏறுவதைப் பார்த்தால் உடம்பு எதிர்வினை காட்டுகிறது என்று தெரியும், அதை வைத்துக் கணிக்கப் பார்க்கிறார்கள். இப்போதைக்கு முதல் சுற்று முடிந்து கேமராவில் பார்ப்பதுதான் பதில்.

ஒரே பயாப்ஸி, இரண்டு ஆய்வகம், இரண்டு முடிவு. யார் தப்பு?

யார் மேலும் தப்பு இல்லாமலே இது நடக்கும். சிறுநீர்ப்பைக் கட்டியை மின்சூட்டு வளையத்தால் சீவி எடுக்கிறார்கள், ஓரங்கள் கருகியிருக்கும், கருகிய இடத்தில் சாயம் தாறுமாறாகப் பிடிக்கும். ஃபார்மலினில் எவ்வளவு நேரம் கிடந்தது, எந்த நிறுவனத்தின் ஆன்டிபாடி, கட்டியின் எந்தத் துண்டு, எண்ணியவரின் கண், எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒற்றைச் சதவீதம். 8 சதவீதம் என்று ஒருவரும் 12 சதவீதம் என்று இன்னொருவரும் சொன்னால் அது ஒரே பதில்தான். எல்லைக்கோடு 10இல் இருப்பதால் மட்டும் ஒன்று நெகட்டிவ், ஒன்று பாசிட்டிவ் ஆகிவிடுகிறது. சிறுநீரில் அளக்கும்போது இன்னொரு தொல்லை: நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் எல்லாமே நீர்த்துவிடும். அதனால்தான் சிறுநீரில் எப்போதும் வெளியேறும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவால் வகுத்துப் பார்ப்பார்கள்.

'புதிய புரதம் 90 சதவீதம் துல்லியம்' என்று செய்தி வருகிறதே, நம்பலாமா?

ஒரு கணக்குப் போடுவோம். கண்காணிப்பில் இருக்கும் 1000 பேர், அவர்களில் 50 பேருக்கு நோய் திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விடும். நோயுள்ளவர்களில் 45 பேர் பாசிட்டிவ். நோயில்லாத 950 பேரில் 95 பேரும் பாசிட்டிவ். மொத்தம் 140 பாசிட்டிவ், அதில் உண்மை 45. பாசிட்டிவ் வந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு நோயே இல்லை! செய்தியில் இருந்த 90 பொய் இல்லை, உங்கள் கேள்விக்கான பதில் அது இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து, எல்லைக்கோட்டை எப்போது முடிவு செய்தார்கள் என்று பாருங்கள். தரவைப் பார்த்த பிறகு எங்கே கோடு போட்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறதோ அங்கே போட்டிருந்தால், அம்பை எய்துவிட்டு அதைச் சுற்றி வட்டம் வரைந்த கதை. வேறு ஆஸ்பத்திரி, வேறு நோயாளிகளிடம் அதே கோட்டை மாற்றாமல் சோதித்தார்களா என்று தேடுங்கள். ஒரே இரத்தத்துளியில் ஆயிரக்கணக்கான புரதங்களை அளக்கும் கருவிகள் வந்த பிறகு இந்தத் தொல்லை இன்னும் அதிகம், அத்தனை புரதத்தையும் நூறு நோயாளிகளிடம் அளந்தால் தற்செயலாகவே சில டஜன் 'முக்கியமானவை' கிடைத்துவிடும்.

புரதத்தைவிட இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவைப் பார்ப்பது மேல் என்கிறார்களே?

சிறுநீர்ப்பை அகற்றிய பிறகு உள்ளே மிச்சம் இருக்கிறதா என்ற ஒரு கேள்விக்கு, ஆம், இப்போதைக்கு அது முன்னால் ஓடுகிறது. அந்த டிஎன்ஏ கட்டியின் சொந்தக் கையெழுத்து, தொற்று வந்தால் ஏறுவது இல்லை. ஆனால் எந்த மருந்து ஒட்டும் என்பதற்குப் புரதத்தைத்தான் பார்த்தாக வேண்டும்.

நானே காசு கட்டி ஒரு பெரிய மார்க்கர் பேனல் செய்துகொள்ளட்டுமா?

கட்டுவதற்கு முன் டாக்டரிடம் ஒரே கேள்வி: "இது அதிகமாக வந்தால் என்ன செய்வீர்கள், குறைவாக வந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்றால் காசை வைத்துக்கொள்ளுங்கள். ஹெர்2, எழுத்துப்பிழை திருத்தும் நான்கு புரதங்கள், சில மருந்துகளுக்கு முன் பிடி-எல்1, இவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு வேறு பதில் வரும். பி53க்கும் கேஐ-67க்கும் பெரும்பாலும் வராது. அப்புறம், மெழுகில் பதித்த உங்கள் திசுக்கட்டியை ஆஸ்பத்திரி எத்தனை வருடம் வைத்திருக்கும், தேவைப்பட்டால் எப்படி வாங்குவது என்பதையும் அன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் புது டெஸ்ட் எது வந்தாலும் முதலில் கேட்பது அந்தக் கட்டியைத்தான்.